பாட்டு இல்லாத கட்டை

ஓக் கட்டை வந்து இறங்கிவிட்டது. இழுக்கக் கயிறும் வந்துவிட்டது. குன்றின் மேல் தீ வளர்க்கக் குழி வெட்டியாகிவிட்டது. பாட்டு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

ஓயார்ஸ், ஊர்க் கலாச்சார மன்றத்து முற்றத்தில் நின்று அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். மர மில்லில் அவனே பொறுக்கி எடுத்த கட்டை. ஓர் ஊரின் ஒரு வருஷத்துப் பீடையை ஏற்றினாலும் முனகாமல் சுமக்கும். டிசம்பரில் சூரியன் திரும்பும் நாளன்று பொழுது சாய்ந்ததும் ஊர் கூடி இதை வீடு வீடாக இழுத்துப் போகும். அவரவர் கெட்ட காலத்தை அவரவர் வாசலில் அதன் மேல் ஏற்றிவிடுவார்கள். கடைசியில் குன்றில் வைத்துக் கொளுத்துவார்கள். வழி நெடுகப் பாட வேண்டும். பாடாமல் எரித்தால் அது வெறும் விறகு, பீடை ஊரிலேயே தங்கிவிடும். லாத்வியாவில் சர்ச் மணி அடிக்கத் தொடங்குவதற்கு முன்னாலிருந்தே இதுதான் ஏற்பாடு. மணி வந்த பிறகும் யாரும் மாற்றவில்லை.

வேறொரு வருஷமாக இருந்தால் ஓயார்ஸ் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டான். இந்த வருஷம் அவனைக் கழுத்தைப் பிடித்து உலுக்கியிருந்தது. மார்ச்சில், ஏரிப்பனி தாங்கும் என்று நம்பி, மீன் பிடிக்கக் காரை ஏரி மேல் ஓட்டிப் போனான். பனி அவனைத் தாங்கியது, காரைத் தாங்கவில்லை. நடுக்கோடை விழாவன்று குளியல் குடில் எரிந்து போனது. ஆகஸ்டில் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு வந்து உருளைக்கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டு, அவன் மனைவி பிருதாவின் பூச்செடிகள் மேல் படுத்துப் புரண்டு இளைப்பாறிப் போயின. இலையுதிர்காலத்தில் மில்லில் மரம் அறுக்கும் வாள் அவனுடைய இடது சுண்டுவிரல் நுனியை எடுத்துக்கொண்டது.

இவற்றில் குடில் போனதுதான் பெரிய அடி. நாள் முழுக்க மரம் புரட்டுகிறவனுக்குச் சனிக்கிழமை கல்லைச் சூடாக்கி ஆவி பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை முதுகு நிமிராது. ஆறு மாதமாக அவன் அடுப்படியில் ஒரு தகரத் தொட்டிக்குள் உட்கார்ந்து குளிக்கிறான். தோள் நனைந்தால் முழங்கால் காயும், முழங்காலை உள்ளே இழுத்தால் தோள் குளிரும். புதுக் குடிலுக்கு வேண்டிய மரமெல்லாம் வீட்டுப் பின்னால் அடுக்கிக் கிடக்கிறது. பிருதாதான் ஒரு கல்லையும் வைக்கவிடவில்லை.

“இந்த வருஷத்த முதல்ல ஒழுங்கா எரிச்சுட்டு வா. அது உசுரோட சுத்திக்கிட்டு இருக்கறப்ப புதுசு கட்டினா, அதையும் வந்து கொளுத்தும்,” என்று சொல்லிவிட்டாள்.

பிருதா சொன்னால் சொன்னதுதான். மில் முதலாளிகூட அவளிடம் பேசும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

சரி, பாட்டு எங்கே போயிற்று? அது வெல்தாவிடம் இருந்தது. வெல்தா அந்த வட்டாரத்தின் தபால்காரி. ஓயார்ஸோடு ஒரே பள்ளியில் படித்தவள். கட்டை இழுக்கும்போது முன்னால் நின்று ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுப்பது அவள்தான். அவள் ஒரு வரி சொல்வாள், ஊர் அதைத் திருப்பிப் பாடிக் கயிற்றை இழுக்கும். முப்பது வருஷமாக இப்படித்தான். இந்த வருஷம் கலாச்சார மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் இல்வா போய்க் கேட்டபோது, தொண்டை சரியில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் தபால் சைக்கிளைத் துரத்திய ஒரு நாயை அவள் திட்டியது மூன்று பண்ணை தள்ளிக் கேட்டது.

காரணம் ஊருக்கே தெரியும் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. நடுக்கோடை விழாவில் இரண்டு கட்சி பிரிந்து எசப்பாட்டுப் பாடுவார்கள். ஒருத்தரை ஒருத்தர் கூசாமல் கேலி செய்து பாட வேண்டும், கேட்கிறவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓயார்ஸ் வாய்க்கொழுப்புக்குப் பேர்போனவன். அன்று வெல்தாவைப் பார்த்து இப்படிப் பாடினான்:

கூரை மேல நாரைக் கூடு
குஞ்சோட காலி ஆச்சு
வெல்தா வந்து வாயத் தொறந்தா
வேற நாட்டுக்குப் பறந்து போச்சு

ஊர் சிரித்துப் புரண்டது. வெல்தா பதில் பாட மூச்சை இழுத்து வாயைத் திறந்த நேரத்தில்தான் யாரோ புகை என்றார்கள். ஓயார்ஸின் குளியல் குடில். எல்லோரும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், வெல்தாவும்தான். குடில் போயிற்று, பாட்டும் அங்கேயே நின்றது. அன்றிலிருந்து வெல்தா அவன் வீட்டுத் தபாலைப் பெட்டியில் போடுவதில்லை. சைக்கிளை விட்டு இறங்காமல் வேலிக்கு மேலாக வீசிவிட்டுப் போகிறாள். நாரைப் பாட்டு அவளைச் சுட்டுவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஓயார்ஸும் அப்படித்தான் நம்பினான்.

அவளிடம் போய் நிற்பதைவிட வேறு எங்கேயாவது பாட்டைத் தேடிப் பிடிப்பது சுலபம் என்று அவனுக்குத் தோன்றியது. முதலில் ஊர்க்காரர்களின் தலைக்குள் தேடினான். இத்தனை வருஷம் பாடியிருக்கிறார்களே, ஆளுக்கு நாலு வரி தேறினால் போதாதா? போன வீட்டிலெல்லாம் தெரியாமல் என்ன என்று மலர்ந்த முகத்தோடு தொடங்கினார்கள். தொடங்கி, வரிக்கு வரி முடிவில் வருகிற “கலாதூ, கலாதூ” என்ற பல்லவியைக் கணீரென்று பாடினார்கள். அதற்கு முன்னால் என்ன வரும் என்று கேட்டால் முகம் சுருங்கியது. அதை வெல்தா சொல்வாள், நாங்கள் திருப்பிச் சொல்வோம் என்றார்கள். முதல் பாட்டின் நாலு வரி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்கப்புறம் ஊர் முழுக்கக் கலாதூதான். ஓயார்ஸ் வீட்டுக்கு வந்து தொட்டியில் உட்கார்ந்து தன் தலைக்குள்ளும் துழாவிப் பார்த்தான். அங்கேயும் அதேதான் கிடந்தது.

இல்வாவுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. பக்கத்து நகரமான குல்தீகாவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண். பழைய சாமிகளின் பாட்டெல்லாம் இப்போது போனிலேயே கிடைக்கிறது, உலகம் முழுக்க இந்த நாளுக்கென்று பாடுகிறார்கள் என்றாள். பொறுக்கி எடுத்ததைப் போனில் ஏற்றிக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் மில்லுக்கு வந்தாள்.

முதல் பாட்டில் முரசு அதிர்ந்தது. பிறகு ஒருவன் பல்லைப் பிடுங்கும்போது கத்துவது போலக் கத்தத் தொடங்கினான். அது வலி என்று நினைத்தார்கள், பாட்டுதான் என்று இல்வா சொன்னாள். பெரிய வாளை ஓட்டுகிற குன்திஸ் ரொட்டியை மென்றுகொண்டே தலையைச் சாய்த்துக் கேட்டான். அவன்தான் வெல்தாவின் கணவன்.

“நம்ம வாள்ல ஆணி மாட்டினா இப்படித்தான் கத்தும்,” என்றான். “ஆணிய எடுத்துட்டா சரியாயிடும்.”

இரண்டாவது பாட்டில் புல்லாங்குழலும் கடலலையும் வந்தன, ஒரு பெண் தேனாகக் குழைந்தாள். பாட்டு முடிந்தபோது மேசையில் பாதிப் பேர் தூங்கியிருந்தார்கள். மூன்றாவதற்கு எல்லோரும் காலால் தாளம் போட்டார்கள். கட்டை இழுக்கத் தோதான பாட்டு. ஓயார்ஸுக்குச் சந்தோஷம் பொங்கியது. அன்று மாலையே இல்வாவைக் கூட்டிப் போய்ப் பிருதாவிடம் போட்டுக் காட்டினான். பிருதா கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள். என்ன பாஷை என்று கேட்டாள். ஜெர்மன் என்றாள் இல்வா. எந்தச் சாமி என்று கேட்டாள். அந்தப் பக்கத்துச் சாமி ஒன்றின் பேரை இல்வா சொன்னாள்.

“நம்ம பீடைய ஊர் பேர் தெரியாத சாமிக்கு அனுப்பினா, விலாசம் தப்பு, ஆள் இல்லேன்னு திரும்பி வந்துடும்,” என்று சொல்லிவிட்டுப் பிருதா மாவு பிசையப் போனாள்.

சர்ச் பாடகர் குழுப் பெண்கள் தாமாகவே உதவிக்கு வந்தார்கள். அதே வாரத்தில்தானே எங்கள் பண்டிகையும், எங்கள் பாட்டையே பாடிவிட்டால் என்ன என்றார்கள். நல்ல பாட்டுகள்தான், கண் கலங்கும். பாதிரியாரும் தடை சொல்லவில்லை. சோதித்துப் பார்ப்பதற்காக மன்றத்து முற்றத்தில் கயிற்றைக் கட்டி, பாட்டுக்கு ஏற்ப இழுத்துப் பார்த்தார்கள். ஒரு சொல்லைப் பிடித்தால் பாடகிகள் மூச்சு முட்டும்வரை விடவில்லை. அது முடியட்டும் என்று இழுக்கிறவர்கள் கயிற்றோடு காத்து நின்றார்கள். முற்றம் கொஞ்சம் சரிவு. நாலு பாட்டு முடிந்தபோது கட்டை புறப்பட்ட இடத்துக்கும் கொஞ்சம் பின்னால் கிடந்தது.

வேறு வழியில்லை. பிருதா பன்றிக்கறி வைத்த பன் ஒரு தட்டு நிறையச் சுட்டுக் கொடுத்தாள். ஓயார்ஸ் முகச்சவரம் செய்து, சவ அடக்கத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வெல்தா வீட்டுக்குப் போனான். அவள் கதவைத் திறந்தாள். அவனையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு பன்னை எடுத்துக் கடித்தாள். முகத்தில் எதையோ எதிர்பார்க்கிற வெளிச்சம் இருந்தது. அவள் எதை எதிர்பார்த்தாள் என்பது ஓயார்ஸுக்கு அப்போது தெரியவில்லை.

“வெல்தா, அந்த நாரைப் பாட்டு,” என்று தொடங்கினான். “நான் அப்படிப் பாடியிருக்கக் கூடாது. தப்புதான். மன்னிச்சுக்க. உன் குரல் ஒண்ணும் அவ்வளவு மோசம் இல்ல.”

வெல்தாவின் வாய் மெல்வதை நிறுத்தியது.

“அவ்வளவு இல்லேன்னா, எவ்வளவு?”

“இல்ல, நாரை பறக்கற அளவுக்கு இல்லேன்னு சொல்றேன்.”

“வேற எது பறக்கும்? காக்காயா?”

ஓயார்ஸ் கொஞ்சம் யோசித்தான். அந்த யோசனைதான் அவனைக் கவிழ்த்தது. வெல்தா கடித்த பன்னைத் தட்டில் திருப்பி வைத்தாள்.

“இத்தன நாளும் நீ விளையாட்டுக்குப் பாடினேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்யா,” என்றாள். “மனசுல வெச்சுக்கிட்டுத்தான் பாடியிருக்க. தட்ட எடுத்துக்கிட்டுப் போ.”

மறுநாள் மில்லில் குன்திஸ் வாளை நிறுத்திவிட்டுச் சிரித்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு மரக்குவியல் மேல் சாய்ந்து, கண்ணீர் வரச் சிரித்தான். சிரித்து முடித்துத்தான் விஷயத்தைச் சொன்னான். எசப்பாட்டுக்கு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா? கேட்டால் பாடியதெல்லாம் உண்மை என்று ஆகிவிடாதா? வெல்தாவுக்கு நாரைமேல் ஒரு வருத்தமும் கிடையாது. நல்ல பாட்டு என்று அன்றைக்கே வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம். அவளுடைய கோபம் வேறு. அவன் பாடினான், அவள் பதில் பாடவில்லை. பதில் பாடி முடித்து, கடைசியில் இரண்டு பேரும் சமாதானப் பாட்டுப் பாடிக் கைகோத்தால்தான் எசப்பாட்டு மூடும். தீ வந்து அதைத் திறந்தபடியே விட்டுவிட்டது. தீ அணைந்த பிறகாவது அவன் வந்து முறையாக முடித்திருக்க வேண்டும். அவன் வரவில்லை.

“ஆறு மாசமாப் பதில வாயில வெச்சுக்கிட்டுச் சுத்தறா,” என்றான் குன்திஸ். “ராத்திரி தூக்கத்துல பாதிப் பாதியா வெளிய வருது. எனக்குத்தான் தூக்கம் போச்சு. நேத்து என்னடான்னா, அவ வாசல் வரைக்கும் வந்துட்டு, பாடாம, பன்னக் குடுத்து மன்னிப்புக் கேட்டிருக்க. உன்ன என்ன பண்றது?”

ஓயார்ஸ் விரல் நுனி இல்லாத கையால் பிடரியைச் சொறிந்தான். இப்போது என்னதான் செய்வது என்று கேட்டான். கேட்ட மன்னிப்பைக் கழுவ ஒரே வழிதான் இருக்கிறது என்றான் குன்திஸ். மறுபடியும் அவளைக் கேலி செய்து பாட வேண்டும். போனதைவிடக் கூர்மையாக, ஊர் முன்னால், அவள் வாசலிலேயே. அதற்கும் அவள் கதவைத் திறக்காவிட்டால்? அப்படியானால் தொட்டியைக் கொஞ்சம் பெரிதாக வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டுக் குன்திஸ் வாளை ஓடவிட்டான்.

சூரியன் திரும்பும் நாள் வந்தது. பனி விழவில்லை, சேறுதான். மூன்று மணிக்கே வெளிச்சம் சாம்பலாகி, நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. கட்டை இழுக்கிறவர்கள் வழக்கம்போல வேஷம் கட்டி முற்றத்தில் கூடினார்கள். இல்வா ஆடாக வந்தாள். குன்திஸ் வெள்ளைப் போர்வையும் அரிவாளுமாகச் சாவு வேஷம் போட்டிருந்தான். ஓயார்ஸ் செம்மறித்தோல் கோட்டைப் புறம் மாற்றிப் போட்டு, மரத்தில் செதுக்கிய தலையை மாட்டிக் கரடியானான். பிருதா வேஷம் எதுவும் போடவில்லை. வேகவைத்த பட்டாணியும் பன்றிக்கொழுப்பும் நிறைந்த சட்டியைத் துணியில் கட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்கிற மாதிரி பின்னால் வந்தாள்.

கட்டை புறப்பட்டது. தெரிந்த ஒரே பாட்டைப் பாடினார்கள். முடிந்ததும் மறுபடி அதையே பாடினார்கள். மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு கிழவர் ஜன்னலைத் திறந்து, ரெக்கார்டு கீறியிருக்கிறது, முள்ளைத் தூக்கித் தள்ளி வையுங்கள் என்றார். இழுக்கிறவர்களுக்கு வெட்கம் வந்துவிட்டது. குரல் இறங்க இறங்கக் கயிறும் தளர்ந்தது. வெல்தா வீட்டு வாசலுக்கு வந்தபோது கட்டை தானாகவே நின்றுவிட்டது.

வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. கதவு சாத்தியிருந்தது. ஓயார்ஸ் கயிற்றை விட்டு முன்னால் வந்தான். கரடித் தலைக்குள் அவனுடைய மூச்சே அவனுக்குப் பெரிதாகக் கேட்டது. இதுவும் தவறிப் போனால் இந்த வருஷம் நிரந்தரமாக வீட்டோடு வந்து தங்கிவிடும் என்று நினைத்தான். நினைத்ததும் முதுகு வலித்தது. பாடினான்:

பாட்டுக்காரிக்குத் தொண்ட கட்டிப்போச்சா
கதவுக்குத் தாழும் போட்டாச்சா
வேலி தாண்டித் தபாலு வீசி
தோளு ரெண்டும் சுளுக்கிப்போச்சா

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கதவும் திறக்கவில்லை. சாவு வேஷத்துக்குள்ளிருந்து குன்திஸ் தொண்டையைச் செருமினான். ஆட்டு வேஷத்திலிருந்த இல்வா, போனில் அந்த ஜெர்மன் பாட்டையாவது போடட்டுமா என்று மெல்லக் கேட்டாள். பிருதா சட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். அது நல்ல சகுனமில்லை என்று ஓயார்ஸுக்குத் தெரியும்.

தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது, கதவு திறந்தது. வெல்தா கம்பளிச் சால்வையைக் கட்டிக்கொண்டு, பூட்ஸ் போட்டுத் தயாராக நின்றாள். ரொம்ப நேரமாகவே தயாராக நின்றிருப்பாள் போல. படியில் இறங்காமல், கரடியின் கையைப் பார்த்துப் பாட்டை எடுத்தாள்:

கரடி வந்தது கரடி வந்தது
கையப் பிடிச்சுப் பாருங்க
சுண்டு விரலு நுனியக் காணோம்
வாளு தின்னுச்சு கேளுங்க

முப்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? அவள் ஒரு வரியை எடுத்துக் கொடுத்ததும் ஊர் முழுக்கத் தானாகவே அதைத் திருப்பிப் பாடியது, கலாதூ சேர்த்து. கயிறு விறைத்தது. கட்டை சேற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு நகர்ந்தது. ஓயார்ஸும் ஓடிப் போய்க் கயிற்றில் தன் இடத்தைப் பிடித்தான். கயிற்றைத் தொட்டவன் பாட வேண்டும். அதனால் தன் விரல் போன கதையைத் தானே உரக்கப் பாடினான்.

வெல்தா முன்னால் நடந்தாள். ஆறு மாதச் சரக்கு. மூச்சு வாங்கவில்லை.

மீனைத் தேடிக் காரு போச்சு
ஏரிக்குள்ள எறங்கியாச்சு
மீனு எல்லாம் ஏறிக்கிட்டு
குல்தீகாவுக்குக் கெளம்பியாச்சு

காட்டுப் பன்னி விருந்து வந்து
கெழங்கு தோண்டித் தின்னாச்சு
வீட்டுக்காரரு தொட்டிக்குள்ள
முட்டி மடக்கி உக்காந்தாச்சு

தொட்டிக்குள் முட்டி மடக்குகிற விஷயம்வரை வெளியே எப்படிப் போயிற்று என்று ஓயார்ஸ் பின்னால் திரும்பிப் பார்த்தான். பிருதா குன்றின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஊர் அந்த வரியை இரண்டு தரம் அதிகமாகவே பாடியது. நடுவில் பழைய கட்டைப் பாட்டுகளும் வந்தன. சூரியப் பெண்ணின் குதிரைகள் வந்தன, பனியில் நனைந்த அவள் பாவாடை வந்தது, ஓக் மரத்தைச் சுற்றி வந்த சாமி வந்தார். அவற்றுக்கு நடுவே மறுபடியும் ஓயார்ஸ் வந்தான். எது சாமி, எது ஓயார்ஸ் என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. சிரித்துக்கொண்டே இழுத்ததில் குன்று ஏறியதுகூடத் தெரியவில்லை. ஓயார்ஸுக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது. கரடித் தலைக்குள் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு கஷ்டமும் பாட்டாகி ஊர் வாயில் போய் வரும்போது, அது தனக்கு நடந்ததா, வேறு யாரோ ஓர் அசடனுக்கு நடந்ததா என்றே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

குழிக்குப் பக்கத்தில் கட்டையைக் கொண்டுபோய் நிறுத்தியதும் வெல்தாவும் நிறுத்திக்கொண்டாள். தீ தயாராக எரிந்தது. யாரும் கட்டையைத் தொடவில்லை. வெல்தா கையைக் கட்டிக்கொண்டு அவனைப் பார்த்தாள். இது எதற்கான மௌனம் என்று இந்தத் தடவை அவனுக்குப் புரிந்தது. கரடித் தலையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டான். சமாதானப் பாட்டு ஒன்றும் அவனுக்குத் தெரியாது. கேலியென்றால் ஊற்றாக வரும், இது வரவில்லை. நின்றான், வியர்த்தான், பட்டாணிச் சட்டியைப் பார்த்தான். கண்ணில் பட்டதை வைத்துக் கட்டினான்:

பாடினதெல்லாம் காத்தோட
பகை எதுவும் வேணாங்க
பட்டாணிச் சட்டி ஒண்ணுதான்
கரண்டி ரெண்டு போடுங்க

வெல்தா அதைத் தனக்குள் ஒரு தரம் பாடிப் பார்த்தாள்.

“தாளம் நொண்டுது,” என்றாள். “பரவாயில்ல, வீடு வந்து சேந்துடும்.”

கையை நீட்டினாள். ஓயார்ஸ் பிடித்துக் குலுக்கினான். அத்தனை பேரும் சேர்ந்து கட்டையைத் தீக்குள் உருட்டினார்கள். ஓக் லேசில் பற்றுகிற மரமில்லை. முதலில் புகைந்தது, சீறியது, ஒரு பக்கம் கருத்தது. அப்புறம் அடியிலிருந்து மஞ்சளாக ஏறிப் பிடித்துக்கொண்டது. பிருதா முன்னால் வந்து, தீ கட்டையின் நடுவரைக்கும் போகிறதா என்று குனிந்து பார்த்தாள். எல்லோரும் பட்டாணி சாப்பிட்டார்கள். ஒன்றுகூட மிச்சம் வைக்கக் கூடாது, மிச்சம் வைத்தால் வரும் வருஷத்தில் அத்தனை சொட்டுக் கண்ணீர். ஓயார்ஸ் சட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் பிருதா குன்திஸிடம் பேசுவது காதில் விழுந்தது.

“மில்லுல ஆஸ்பென் மரப் பலகை நல்லதா இருக்கா? குடிலுக்குள்ள படுக்கப் பெஞ்சு போடணும். இவன் நீளத்துக்கு வேணும்.”

இருக்கிறது என்றான் குன்திஸ். எவ்வளவு அகலம் என்று கேட்டான். பிருதா யோசித்தாள். ஓயார்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் மனம் மாறிவிடுவாளோ என்று பயந்து, கரண்டியைப் பிடித்தபடி தீயையே பார்த்துக்கொண்டு, அவள் அகலத்தைச் சொல்லி முடிக்கும்வரை மூச்சை அடக்கி நின்றான்.